ஒக்டோபர் மழையில் முதல் அரை மரதன்: இப்போதிருந்தே நனைந்து பழகுங்கள்

கேள்வி: ஒக்டோபர் கடைசியில் கொழும்பில் என் முதல் அரை மரதனை ஓடப்போகிறேன். இன்னும் எட்டுக் கிழமை இருக்கிறது. மழை பெய்யும் நாட்களில் பயிற்சிக்குப் போவதில்லை. பந்தயத்தன்று மழை பெய்தால் எப்படிச் சமாளிப்பது?

மழை நாளில் வீட்டில் இருப்பதை இந்தக் கிழமையோடு விட்டுவிடுங்கள். நீங்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். அதன் விலை எனக்குத் தெரியும்.

என் வீடு வெள்ளவத்தையில். விடியற்காலை ஐந்து மணிக்கு மரைன் டிரைவுக்கு இறங்கி, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி தாண்டி காலிமுகத்திடல் வரை போய்த் திரும்புவேன். முதல் பந்தயத்துக்கு நான்கு மாதம் அப்படிப் பயிற்சி எடுத்தேன். தூறல் சத்தம் கேட்டால் மட்டும் போவதில்லை. அம்மாவும் "தலை நனைந்தால் தடிமன் பிடிக்கும், படு பிள்ளை" என்பார். பந்தயத்தன்று தொடக்கத்திலிருந்தே மழை. காலில் வழக்கமான பருத்தி மேசு. 14ஆவது கிலோமீட்டரில் இடது உள்ளங்கால் எரியத் தொடங்கியது. 16இல் கொப்புளம் உடைந்தது. மிச்ச ஐந்து கிலோமீட்டரும் நொண்டிக்கொண்டே நடந்தேன். மூச்சு நன்றாக இருந்தது, தொடையில் வலு இருந்தது. நான்கு மாத உழைப்பையும் ஒரு சோடி மேசு வீணாக்கிவிட்டதே என்ற துக்கம் பல நாள் போகவில்லை.

ஆகவே முதலில் கால். தண்ணீரில் ஊறிய தோல் மென்மையாகி, சிறிய உராய்வையும் தாங்காது. பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, சுருங்கி மடிந்து, அந்த மடிப்பாலேயே தோலை அறுக்கும். செயற்கை இழையில் செய்த மெல்லிய, காலை இறுகப் பிடிக்கும் மேசு வாங்குங்கள். ஓடுவதற்கு முன் விரலிடுக்குகளிலும் குதிகாலிலும் வாஸ்லினைத் தாராளமாகப் பூசுங்கள். தொடையின் உட்புறம், அக்குள், பெண்களுக்கு உள்ளாடையின் விளிம்பு படும் இடம், ஆண்களுக்கு மார்புக் காம்பு ஆகிய இடங்களையும் விடாதீர்கள். நனைந்த துணி இரண்டு மணி நேரம் உரசினால் இரத்தமே வரும். பிளாஸ்டர் ஒட்டுவதென்றால் வாஸ்லின் படாத உலர்ந்த தோலில், வீட்டிலேயே ஒட்டிக்கொண்டு புறப்படுங்கள். ஈரத்தில் அது ஒட்டாது.

இவையெல்லாம் உங்கள் உடம்பில் வேலை செய்கின்றனவா என்பதை நனைந்து ஓடினால்தான் அறியலாம். பந்தயத்தில் அணியப்போகும் அதே சப்பாத்து, அதே மேசு, அதே உடையோடு குறைந்தது மூன்று தடவையாவது மழையில் ஓடுங்கள். அதில் ஒன்று 12 கிலோமீட்டருக்குக் குறையக்கூடாது. செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மழை காலையிலும் வரலாம். ஒக்டோபரில் பெரும்பாலும் பின்னேரத்தில்தான் இடியோடு கொட்டும். காலையில் வானம் வெளித்தே இருந்தால், வாளித் தண்ணீரைச் சப்பாத்துக்குள் ஊற்றிவிட்டுப் புறப்படுங்கள். நான் இரண்டு முறை அப்படிச் செய்தேன். சப்பாத்து எங்கே கடிக்கிறது என்று மூன்றாவது கிலோமீட்டரிலேயே தெரிந்துவிட்டது.

மழையில் ஓடுவது பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி குளிர் நாட்டுக்காரர் எழுதியது. அவர்கள் மழைச்சட்டை, கையுறை, அடுக்கடுக்காக உடை என்பார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. 2018 பொஸ்டன் மரதனில் 5 டிகிரியைச் சுற்றிய குளிரில், எதிர்க்காற்றோடு மழை கொட்டியது. ஜப்பானின் யூக்கி கவாவுச்சி 2 மணி 15 நிமிடம் 58 விநாடியில் வென்றார். பெண்களில் வென்ற டெசிரே லிண்டன், தொடக்கத்தில் உடம்பு ஒத்துழைக்காமல் பாதியில் விலகிவிடலாம் என்றே எண்ணியிருந்தவர். அங்கே பகைவன் குளிர். கொழும்பில் அடைமழையிலும் விடியற்காலை வெப்பநிலை 24 டிகிரி அளவில் நிற்கும். இங்கே மழைச்சட்டை போட்டு ஓடினால் உள்ளே அவிந்துபோவீர்கள். மெல்லிய கையில்லாத பெனியன் போதும். தலைக்கு முன்விளிம்புள்ள தொப்பி மட்டும் அவசியம், கண்ணாடி அணிபவருக்கு இரட்டிப்பு அவசியம். தொடக்கக் கோட்டில் காத்து நிற்கும் நேரத்துக்கு, பெரிய குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை வெட்டி அணிந்துகொள்ளுங்கள். புறப்படும்போது கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடலாம்.

மழையைவிட நான் அஞ்சுவது மழை விட்டபின் வரும் வெயிலுக்கு. மழை உடம்பைக் குளிர்விப்பதால் முதல் பாதி இலேசாகப் போகும். கால் தானாகவே வேகம் எடுக்கும். ஏழரை, எட்டு மணிக்கு முகில் கலைந்து வெயில் விழுந்ததும் தார் வீதியிலிருந்து ஆவி கிளம்பும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை உலராது, உடம்புச் சூடு வெளியேற வழியில்லை. முதல் பாதியில் அவசரப்பட்டவர்கள் அங்கேதான் விழுகிறார்கள். முதல் ஐந்து கிலோமீட்டரை, நீங்கள் திட்டமிட்டதைவிடக் கிலோமீட்டருக்கு பத்துப் பதினைந்து விநாடி மெதுவாகவே ஓடுங்கள். மற்றவர்கள் தாண்டிப் போகட்டும்.

நனைந்திருக்கும்போது தாகம் குறைவாகத் தெரியும், ஆனால் வியர்வை நிற்பதில்லை. உடம்பு இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஜீவனித் தூளில் ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் நீரில் கரைத்து, பயிற்சியின்போதே சிறிது சிறிதாகக் குடித்து வயிறு ஏற்கிறதா என்று பாருங்கள். பயத்தில் வெறும் தண்ணீரை அளவுக்கு மிஞ்சிக் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்தில் உப்பின் அளவு இறங்கிவிடும்.

வீதியில் நடைபாதைக் கடவையின் வெள்ளைக் கோடும் வடிகான் இரும்பு மூடியும் மழையில் வழுக்கும். அவற்றில் கால் வைக்காதீர்கள், வளைவுகளில் காலடியைக் குறுக்கி வையுங்கள். அடி தேய்ந்த சப்பாத்தை இப்போதே மாற்றிவிடுங்கள், பந்தயத்துக்கு முன்தினம் அல்ல. தேங்கி நிற்கும் வெள்ளத்துக்குள் மட்டும் இறங்கவே வேண்டாம். மூடியில்லாத வடிகான் அடியில் இருக்கலாம். காலில் புண் இருந்தால் எலிக்காய்ச்சல் கிருமி அதன் வழியே உள்ளே போகும். வெள்ளத்தில் கால் வைக்க நேர்ந்து, பின்னர் காய்ச்சல் வந்தால், ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மருத்துவரிடம் போய் வெள்ளத்தில் நின்றதையும் சொல்லுங்கள். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எலிக்காய்ச்சல் உயிரைப் பறிக்கக்கூடியது.

எந்த மழையிலும் ஓடு என்று சொல்லும் நான், இடி கேட்டால் ஓடச் சொல்லமாட்டேன். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால், அது 10 கிலோமீட்டர் தூரத்துக்குள் இருக்கிறது என்று பொருள். மரைன் டிரைவிலும் காலிமுகத்திடலிலும் ஒரு பக்கம் முழுவதும் வெட்டவெளிக் கடல். தென்னையின் கீழ் ஒதுங்காமல் ஒரு கட்டடத்துக்குள்ளோ பஸ்ஸுக்குள்ளோ போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள். பந்தயத்தின் நடுவிலும் இதேதான். பதக்கம் அடுத்த வருடமும் கிடைக்கும்.

முடிக்கும் இடத்தில் யாரிடமாவது துவாய், உலர்ந்த சட்டை, செருப்பு கொடுத்து வையுங்கள். ஓடும்போது தெரியாத குளிர், நின்ற பத்து நிமிடத்தில் நடுக்கும். வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தின் உள்தகட்டை எடுத்துவிட்டு, பழைய பத்திரிகைத் தாள்களைக் கசக்கி உள்ளே திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் அவை ஊறிவிடும், எடுத்துப் புதிதாகத் திணித்து மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். வெயிலிலோ அடுப்படியிலோ வைத்தால் பசை விட்டுவிடும். எங்கள் வீட்டில் இப்போது அந்த வேலையை அம்மா எடுத்துக்கொண்டிருக்கிறார். மழை நாளில் நான் திரும்பி வரும்போது, நேற்றைய பத்திரிகையும் இஞ்சி போட்ட பிளேன்டீயும் வாசலில் தயாராக இருக்கும்.