கிருஷ்ணகிரியிலிருந்து வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வழியாக மாம்பழம் விற்கிறோம். தனி டொமைன் (நம் பெயரில் ஒரு இணைய முகவரி) வாங்கினால் வியாபாரத்துக்குப் பிரயோஜனம் உண்டா?

உண்டு, வாங்குங்கள். வெப்சைட் கட்டுவது இருக்கட்டும், முதலில் பெட்டிமேல் அச்சடிப்பதற்காக வாங்குங்கள்.

நாங்களும் காவேரிப்பட்டினம் பக்கம்தான். அல்போன்சா, செந்தூரா, மல்கோவா எல்லாம் பெட்டி போட்டு ஓசூர், பெங்களூரு அபார்ட்மென்ட்களுக்கு அனுப்புகிறோம் (பெங்களூரா ரகப் பழம் கூழ் ஃபேக்டரிக்குப் போய்விடும், அது வேறு கணக்கு). இன்றுவரை எங்களுக்கு வெப்சைட் கிடையாது, டொமைன் மட்டும் இருக்கிறது. அதைத் தட்டினால் நேராக எங்கள் வாட்ஸ்அப் திறக்கும், அவ்வளவுதான்.

அட்டைப்பெட்டியை சீசனுக்கு முன்பே மொத்தமாக அச்சடித்துவிடுகிறோம் இல்லையா, அதில் இன்ஸ்டா பெயரையும் போன் நம்பரையும் மட்டும் போட்டுவிட்டு, நடுவில் கணக்கு முடங்கினாலோ நம்பர் மாறினாலோ மிச்சப் பெட்டி எல்லாம் தண்டம். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தபோது அதை மட்டுமே நம்பி விற்றுக்கொண்டிருந்தவர்கள் கதி என்ன ஆனது என்று நினைத்துப் பாருங்கள். சொந்த டொமைன் இருந்தால் பெட்டியில் இருப்பது அப்படியே இருக்கும், அது எங்கே போக வேண்டும் என்பதை மட்டும் நாம் மாற்றிக்கொள்ளலாம். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை பழ ஆர்டருக்கு, அப்புறம் தொக்குக்கும் புளிக்கும். க்யூஆர் கோடும் இந்த டொமைனுக்கே போடுங்கள். இலவசமாகக் கோடு செய்து தரும் சில தளங்கள் நடுவில் தங்கள் லிங்க்கை நுழைத்துவிட்டு, கொஞ்ச நாள் கழித்துப் பணம் கட்டு என்று நிற்கும்.

டொமைனைத் தட்டுபவரை வாட்ஸ்அப்புக்குத் திருப்பிவிடுவதற்குப் பெயர் ஃபார்வர்டிங். அதைப் போடும்போது 301-ஆ 302-ஆ என்று கேட்டால் 302 எடுங்கள், அது தற்காலிகம் என்று பொருள். 301 நிரந்தரம் என்று பொருள், வாடிக்கையாளர் போனில் பழைய இடமே பதிந்துபோய், நீங்கள் மாற்றினாலும் அங்கேயே போய் நிற்க வாய்ப்பு உண்டு.

இன்னொன்று, மார்க்கெட்டிங் என்று கேட்டால் எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. டொமைனுக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்து சப்டொமைன் போடலாம், அதற்குத் தனிக் காசு கிடையாது. பெட்டிக்கு ஒன்று, அபார்ட்மென்ட் குரூப்புக்கு ஒன்று, நோட்டீஸுக்கு ஒன்று. வாட்ஸ்அப் லிங்க்கிலேயே முதல் மெசேஜை நாமே எழுதி வைக்க முடியும் என்பதால், பெட்டியைப் பார்த்து வருபவர் 'பெட்டியில் பார்த்தேன், பழம் வேண்டும்' என்று வருவார், நோட்டீஸில் வருபவர் வேறு மாதிரி வருவார். எதில் காசு போட்டது வேலை செய்தது என்று சாயங்காலம் வாட்ஸ்அப்பைப் புரட்டினாலே தெரிந்துவிடும். எங்களுக்கு நோட்டீஸ் சுத்தமாக வேலைக்கு ஆகவில்லை, சாப்பிட்டு முடித்த பெட்டிதான் பக்கத்து வீட்டு ஆர்டரைக் கொண்டுவந்தது.

பெயர் வைக்கும்போது போனில் ஒரு தடவை சொன்னால் எதிரில் இருப்பவர் தப்பில்லாமல் தட்ட வேண்டும். 'பழம்' என்று வைத்தால் ஒருவர் இசட் எச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார், வேண்டாம். நடுவில் சின்னக் கோடும் (ஹைபன்) வேண்டாம். டாட் காம் கிடைக்காவிட்டால் டாட் இன் தாராளமாகப் போதும். டாட் இந்தியா என்று முழுக்கத் தமிழ் எழுத்திலும் வாங்கலாம், ஆனால் சில இடங்களில் அது எக்ஸ்என் என்று ஆரம்பிக்கும் புரியாத எழுத்துகளாகத் தெரியும், அதனால் இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். பெயரில் மாம்பழம், கிருஷ்ணகிரி என்று திணித்தால் கூகுளில் மேலே வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பெயரை மட்டும் வைத்து மேலே வந்துகொண்டிருந்த தரமில்லாத தளங்களை கூகுள் 2012-லேயே கீழே தள்ளிவிட்டது.

உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், நீங்களே வாங்குங்கள். போச்சம்பள்ளியில் ஊறுகாய் போடும் எங்கள் சித்தி, வெப்சைட் செய்து தந்த பையனையே டொமைனும் வாங்கச் சொல்லிவிட்டார். அவன் தன் மெயிலில் வாங்கினான், அப்புறம் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டான், ரினியூவல் மெயில் யாருக்கும் தெரியாமல் அவனுக்கே போய்க்கொண்டிருந்தது. லேபிளில் இருந்த முகவரியை இப்போது யாரோ ஒருவர் வைத்திருக்கிறார்.

முதல் வருஷ ஆஃபர் விலையைப் பார்த்து மயங்காமல் ரினியூவல் விலை என்ன என்று பாருங்கள், அதுதான் வருஷா வருஷம் கட்டப் போவது. ஆட்டோ ரினியூவலை மட்டும் நம்பவும் வேண்டாம், 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கி விதி மாறியதிலிருந்து வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கார்டில் தானாகப் பணம் போவது அடிக்கடி தடைபடுகிறது. டாட் காம் என்றால் 10 வருஷம் வரை முன்கூட்டியே கட்டலாம், கையில் காசு இருக்கும் ஜூலையில் மூன்று வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள்.