டென்மார்க்கின் தெற்கு எல்லைப் பகுதி முன்பு ஜேர்மனியிடம் இருந்ததாமே? அங்கே இருப்பவர்கள் டெனிஸ்காரரா, ஜேர்மன்காரரா?

வேலைக்கோ படிப்புக்கோ இந்தப் பக்கம் வரப்போகிறீர்கள் போல. எல்லையிலிருந்து அரை மணி நேர ஓட்டத்தில் முப்பது வருசத்துக்கு மேலாக இருக்கிறேன். வரலாறு படித்தவன் இல்லை, மீன் தொழிற்சாலையில் நின்றவன். பிழை பிடிக்க வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருந்ததுதான். 1864 போரில் டுப்பெல் மேட்டில் டென்மார்க் தோற்று, இந்தப் பகுதியும் சேர்ந்த ஸ்லேஸ்விக் கைவிட்டுப் போனது. 1920இல் எந்த நாட்டோடு சேர்வது என்று வாக்கெடுப்பு. வடக்கு வலயத்தில் 75 வீதம் டென்மார்க்குக்கு, தெற்கு வலயத்தில் 80 வீதம் ஜேர்மனிக்கு. எல்லை இன்றும் அதுதான். வடக்கை மொத்தமாக எண்ணியதால், டொன்டர் பட்டணம் ஜேர்மனி என்று வாக்களித்தும் டென்மார்க்குக்கு வந்தது. பிறகு டென்மார்க்குக்கு வந்த பகுதி நான்கு மாவட்டங்களாக இருந்தது. 1970இல் அவை ஒன்றாகின. 2007இல் அதையும் கலைத்து, வைலே நகரத்திலிருந்து நடக்கிற தென் டென்மார்க் பிராந்தியத்துக்குள் சேர்த்தார்கள். இதெல்லாம் எங்கேயும் கிடைக்கும்.

எனக்கு இது விளங்கியது என்னோடு வேலை செய்த ஒரு கிழவரின் வீட்டில். மேசையில் ஏழெட்டு வகை கேக். ஜேர்மன் காலத்தில் டெனிஸ் கூட்ட மண்டபங்களுக்குச் சாராய உரிமம் கொடுக்கவில்லையாம், அதனால் வந்த பழக்கம் என்றார். சுவரில் அவருடைய பாட்டன், ஜேர்மன் இராணுவ உடுப்பில். வீட்டில் டெனிஸ் கதைத்தவர், ஜேர்மன் சக்கரவர்த்தி கைசருக்காகச் செத்தவர். முதலாம் உலகப் போரில் டென்மார்க் நடுநிலை. இந்தப் பகுதியிலிருந்து மட்டும் சுமார் 30,000 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் 5,000 பேருக்கு மேல் செத்துப்போனார்கள்.

1888இல் பள்ளிக்கூடத்தில் சமயபாடம் தவிர எல்லாம் ஜேர்மன் மொழியில் என்று உத்தரவு. "அப்பம்மாதான் எங்கள் அப்பாவுக்குக் குசினியில் வைத்து டெனிஸ் எழுதப் பழக்கினா" என்று பெருமையாகச் சொன்னார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். 2002இல் டென்மார்க்கில், ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்குத் தாய்மொழி வகுப்பு நடத்தும் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். என் மகளின் தமிழ் வகுப்பு அதோடு நின்றது. 'அ'வில் தொடங்கி 'ஞ'வில் நின்ற கொப்பி இன்னும் வீட்டில் கிடக்கிறது. அதைச் சொன்னேன். கிழவர் பேசாமல் இன்னொரு துண்டு கேக்கை என் தட்டில் வைத்தார்.

இரண்டும் ஒன்றல்ல, எங்களை யாரும் போருக்குப் பிடிக்கவில்லை, தஞ்சம் தந்த நாடு, எல்லாம் தெரியும். "நன்றி கெட்டவன்" என்று கீழே எழுத வேண்டாம். குசினியில் வைத்து நானும் பழக்கியிருக்கலாம்தான். இரவு வேலை.

கேள்வியின் மற்றப் பாதியை மறந்துவிட்டேன். பெரும்பாலும் டெனிஸ்காரர்தான், ஜேர்மன் சிறுபான்மை ஒரு 15,000 பேர், அரச உதவியோடு சொந்தப் பள்ளிக்கூடங்கள் உண்டு. இந்தச் சிறுபான்மைக்காக டென்மார்க் அரசு 1955இல் வெளியிட்ட பிரகடனத்தின்படி ஒருவர் தன்னை ஜேர்மன்காரன் என்று சொன்னால் எந்த அதிகாரியும் அதைச் சோதிக்கக் கூடாது. ஆகவே யார் எவர் என்று அவரவரிடம்தான் கேட்க வேண்டும்.