சும்மாதான் கேட்டன்!

கேள்வி: கல்முனைச் சந்தையில் ஒரு கடையில் "தயிர் இருக்கா?" என்று கேட்டேன், விலை அறியத்தான். முதலாளி ஒரு வார்த்தை பேசாமல் சட்டியை எடுத்துக் கட்டி நீட்டிவிட்டார், வேண்டாம் என்று சொல்ல வெட்கமாகி வாங்கிக்கொண்டு வந்தேன். இருக்கா என்று கேட்டால் இருக்கு, இல்லை என்றுதானே பதில் வர வேண்டும்? (வாசகி, களுவாஞ்சிகுடி)

பதில்: முதலாளியில் பிழை இல்லை, தங்கச்சி. இதே சொல்லைக் குசினியை எட்டிப் பார்த்துக் கேட்டால் அது வெறும் கேள்வி, சோற்றுக்கு முன்னால் இருந்து கேட்டால் 'கொஞ்சம் போடுங்க', கடை வாசலில் நின்று கேட்டால் 'தாங்க'. நன்னூல் இதைக் கொளல் வினா, அதாவது வாங்கிக்கொள்ளக் கேட்கும் கேள்வி, என்று தனியாகவே வகுத்து வைத்திருக்கிறது, நாம்தான் பள்ளிக்கூடத்தில் ஆறு வினாவையும் பாடமாக்கி ஒப்புவித்துவிட்டு அதோடு மறந்துபோனோம். சொல்லுவதும் ஒரு செயல்தான் என்று ஆஸ்டின் என்ற ஆங்கிலேய மெய்யியலாளர் 1955இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் விரிவுரை செய்தார். இப்படிச் சூழலோடு சேர்த்துப் பொருள் பார்க்கும் படிப்புக்குப் பெயர் பிரக்மாட்டிக்ஸ்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. தொல்காப்பிய உரையில் ஒருவர் 'பயறு உளவோ வணிகீர்' என்று கேட்க, வணிகர் 'உழுந்து அல்லது இல்லை' என்கிறார். நம்மூர்க் கடைகளில் அவ்வளவும் கிடையாது, 'உழுந்து இருக்கு' என்பார்கள், சரி, பயறு இல்லைப் போல என்று நாமும் அடுத்த கடைக்கு நடப்போம். இல்லை என்று அவர் வாயைத் திறக்கவே இல்லையே? கேட்டதற்குப் பொருந்தத்தான் ஆள் பதில் சொல்லுவார் என்று நம்பி மிச்சத்தை நாமே நிரப்பிக்கொள்கிறோம் என்பது கிரைஸ் என்ற இன்னொரு மெய்யியலாளர் 1967இல் அதே ஹாவர்டில் சொன்ன விளக்கம். நிரப்பியதை அழிக்கவும் முடியும். 'உழுந்து இருக்கு, பயறும் உள்ளுக்குக் கிடக்கு' என்றால் ஒரு முரணும் இல்லை, 'பயறு இல்லை, பயறு இருக்கு' என்றால்தான் ஆளுக்கு என்னவோ என்று பார்ப்போம். நீங்களும் 'விலையை மட்டும் சொல்லுங்க' என்று அழித்திருக்கலாம், ஆனால் சட்டி கைக்கு வந்த பிறகு கஷ்டந்தான்.

கேள்வி: எங்கள் ஊர்க் கடையில் 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்ற பலகை வருஷக்கணக்காகத் தொங்குகிறது. அந்த நாளை எப்போது வரும்? (வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: வராது. 'இன்று', 'இங்கே', 'நான்' போன்ற சொற்களுக்குச் சொந்தமாக நாளோ இடமோ ஆளோ கிடையாது, யார் எப்போது எங்கே சொல்கிறார் என்பதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். பலகையோ ஒவ்வொரு விடியலிலும் புதிதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அடியில் எழுதின திகதியைப் போடச் சொல்லிப் பாருங்கள், முதலாளி மாட்டார்.