வேலையை விடலாமா, பாணியை விடலாமா?

(திண்டுக்கல்லில் போர்டு எழுதத் தொடங்கி, வார இதழ்களுக்குப் படம் போட்டு, இருபது ஆண்டுகளாகச் சொந்தமாக வரைந்து பிழைக்கும் ஓவியர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பிரிண்ட் டிசைனராக இருக்கிறேன். வயது 33, சம்பளம் 32 ஆயிரம். ஒன்பது வருடமாக டி-ஷர்ட்டுக்குப் புலி, மண்டை ஓடு, ஆங்கில எழுத்து. சொந்தமாக வரைய நேரமே கிடைப்பதில்லை. ரிஸ்க் எடுத்தால்தான் கலைஞனாக வளர முடியும் என்கிறார்கள். வேலையை விட்டுவிடலாமா? மனைவிக்கு இதில் சம்மதம் இல்லை.

பதில்: இந்த ஒன்பது வருடத்தில் கம்பெனிக்காக இல்லாமல் உங்களுக்காக வரைந்து முடித்த படம் எத்தனை? கடிதத்தில் சம்பளக் கணக்கு இருக்கிறது, வருடக் கணக்கு இருக்கிறது, மனைவி சொன்னது வரை இருக்கிறது. படக் கணக்கைக் காணோம். அது ஐந்துக்குக் கீழே என்றால் இப்போதைக்கு வேலையை விட வேண்டாம்.

பயமுறுத்தவில்லை. நான் விட்டவன். 1994-ல் வார இதழ் வேலையை உதறிவிட்டு வந்தேன். முதல் மாதம் முழுக்க ஈஸல் செய்தேன், கான்வாஸை நிறுத்தி வரைகிற தாங்கி. தேக்குச் சட்டம் வாங்கி, இழைத்து, மூன்று கோட்டிங் வார்னிஷ் அடித்து, அப்படி ஒரு ஈஸல் திண்டுக்கல்லில் யாரிடமும் கிடையாது. அதில் மாட்ட ஒரு படமும் கிடையாது. நான்காம் மாதம் வீட்டுக்காரியின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. ஐந்தாம் மாதம் பழைய போர்டு கடை முதலாளி முன்னால் போய் நின்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு டப்பா சிவப்பு எனாமலைத் தள்ளிவிட்டு, “மெடிக்கல் ஷாப் ஷட்டர் காலியா கிடக்கு, போ” என்றார்.

ஷட்டரில் எழுதியிருக்கிறீர்களா? தகடு வரி வரியாக மேடும் பள்ளமுமாக இருக்கும். சாக்பீஸ் பொடி தடவிய நூலை இழுத்து அடித்தால் கோடு மேட்டில் மட்டும் விழும். புள்ளி பள்ளத்தில் போய் உட்கார்ந்தால் தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும். அதனால் எழுத்து எங்கே தொடங்க வேண்டும் என்பதைப் புள்ளியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். இந்த வேலையைப் பகலில் செய்துகொண்டு ராத்திரி கான்வாஸில் உட்கார்ந்த இரண்டு வருடத்தில்தான் என் முதல் உருப்படியான படங்கள் வந்தன. நேரம் நிறைய இருந்தபோது வராதது, இல்லாதபோது வந்தது. ஏன் என்று இன்று வரை எனக்கு முழுசாக விளங்கவில்லை. ஆனால் அரிசிக்குக் காசு இருந்ததால், அந்தப் படங்கள் விற்க வேண்டும் என்ற கவலை எனக்கு இல்லை. அது ஒரு காரணம்.

சென்னைக்கு வெளியே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது, தெரியுமா? 1966-ல், நான் பிறந்த வருடம், கே.சி.எஸ். பணிக்கரும் அவரிடம் படித்த ஓவியர்களும் சேர்ந்து உண்டாக்கியது. இன்றைக்கு அந்தக் கடற்கரைச் சாலையில் நிலத்தின் விலையைக் கேட்டால் தலை சுற்றும், அன்று வெறும் மணல்காடு. அதை வாங்கிய பணம் ஓவியம் விற்று வந்ததல்ல. அவர்களுடைய ஓவியத்தை அப்போது வாங்க ஆளில்லை. பாத்திக் துணி போட்டு, கைவினைப் பொருள் செய்து விற்று, சேர்த்த காசில் நிலம் வாங்கினார்கள். துணியில் மெழுகு தடவிச் சாயம் போடுகிற வேலையை யாரும் இழிவாக நினைக்கவில்லை. படத்தை யார் விருப்பத்துக்கும் வளைக்காமல் இருக்க அந்தத் துணிதான் கூலி கொடுத்தது.

உங்கள் புலியும் மண்டை ஓடும் அந்தப் பாத்திக் துணிதான். தினம் காலை நாலரையிலிருந்து ஆறு வரை உங்களுக்காக வரையுங்கள். ஆறு மாதத்தில் பன்னிரண்டு படம் முடியட்டும். இன்னொன்றும் இருக்கிறது. ஒரு படத்தை நாலு கலராகப் பிரித்து ஸ்கிரீனுக்குக் கொடுக்கத் தெரிந்தவர் நீங்கள். ஓவியக் கல்லூரியில் படித்த பலருக்கே அது கைவராது. பன்னிரண்டில் ஒன்றை எடுத்து, கனமான தாளில் 25 பிரதி மட்டும் ஸ்கிரீன் பிரிண்ட் போடுங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் 1/25, 2/25 என்று எண் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம் ஸ்கிரீனைக் கழுவிவிடுங்கள், இருபத்தாறாவது பிரதி வரக் கூடாது. பிரதி ஆயிரம் ரூபாய் என்று வைத்தால், இருபத்தைந்தும் விற்க எத்தனை நாள் ஆகிறது என்று பாருங்கள். வேலையை விடுவதைப் பற்றி அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம்.

அப்புறம், உங்கள் மனைவி வேண்டாம் என்றது வேலையை விடுவதைத்தானே? வரைவதையும் வேண்டாம் என்றாரா? கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: கும்பகோணத்தில் ஓவியக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். நான் வாட்டர்கலரில் வரையும் கோபுரங்களும் அக்ரஹாரத் தெருக்களும் இன்ஸ்டாகிராமில் படம் 1,500 ரூபாய்க்குப் போகின்றன. அப்பா வேலை பார்க்கும் அரிசி ஆலையைக் கரியால் பெரிதாக வரைந்து போட்டேன். நாற்பது லைக்கைத் தாண்டவில்லை. எதில் போவது ஐயா?

பதில்: தம்பி, மூன்றடித் தாளில் கரியால் வரைந்ததை மூன்று அங்குலக் கண்ணாடியில் காட்டியிருக்கிறீர்கள். கோபுரம் அந்த அளவிலும் கோபுரமாகத் தெரியும். உமித் தூசி தெரியுமா? அந்த நாற்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

மேலே சொன்ன பணிக்கரை இன்னொரு தடவை இழுக்கிறேன். பெயர் வாங்கிவிட்ட ஓவியர், சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வர். 1963-ல், ஐம்பத்திரண்டு வயதில், அதுவரை வரைந்துவந்த மாதிரியை விட்டுவிட்டு ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையைத் தொடங்கினார். ஜாதகக் கட்டம், படிக்க வராத கிறுக்கெழுத்து, கணக்கு வாய்ப்பாடு மாதிரி குறிகள். முதலில் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்! கே.எம். ஆதிமூலம் இன்னொருவர். 1969-ல் காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் வரைந்த கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களைச் சொன்னால்தான் பலருக்கு அவரைத் தெரியும். கோடு என்றாலே ஆதிமூலம் என்று இருந்தவர், பிற்பாடு கோடே இல்லாத வெறும் வண்ணப் பரப்புக்குப் போனார். பெயர் வாங்கிக் கொடுத்த ஒன்றை ஓரம் வைத்துவிட்டு வேறொன்றில் புதிதாகத் தொடங்குவது, வேலையை விடுவதை விடக் கஷ்டம் என்பது என் எண்ணம்.

என் கதை அவ்வளவு கம்பீரமானதல்ல. ஒரு காலத்தில் திண்ணைப் படங்கள் வரைந்துகொண்டிருந்தேன். செட்டிநாட்டுத் தூண், வெயில், ஓரத்தில் பாக்கு இடிக்கும் ஒரு பாட்டி. அறுபதுக்கு மேல் விற்றன. ஒருநாள் ஒரு அம்மா போன் செய்து, “பாட்டி இடது பக்கம் பாக்கிற மாதிரி போட முடியுமா? சோபா அந்தப் பக்கம்தான் இருக்கு” என்றார். போட்டுக் கொடுத்தேன், காசும் வாங்கினேன். அதோடு பாட்டியை நிறுத்தினேன்.

அடுத்து ஃபிளெக்ஸை வரைந்தேன். கல்யாண வாழ்த்து, தலைவர் பிறந்தநாள் எல்லாம் அச்சான பழைய ஃபிளெக்ஸைக் குடிசைக் கூரையில் போட்டிருப்பார்கள் பாருங்கள், அது. சென்னை கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் ஏழு நாள் மாட்டினேன். இருபத்திரண்டு படம். ஒன்றும் போகவில்லை. ஆறாம் நாள் ஒரு பெரியவர் வந்து இருபது நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு, “முன்னாடி திண்ணை வரைஞ்சிட்டு இருந்தீங்களோ?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “வெயில் அதே வெயிலா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ராத்திரி விடுதி அறையில் அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். விஷயத்தை மாற்றியிருந்தேன், கையை மாற்றவில்லை. தூணுக்கு அடித்த அதே தேன் நிற வெயிலைக் குடிசைக்கும் அடித்திருந்தேன். ஓட்டை ஃபிளெக்ஸ் வழியாக வெயில் அப்படியா இறங்கும்? நீலமாகவும் ரோஸாகவும் தலைவர் முகத்தோடு தரையில் விழும். அதைக் கண்ணால் பார்த்திருந்தும் வரையவில்லை. அடுத்த ஒன்றரை வருடம் எனாமலும் தட்டை பிரஷும் வைத்து, போர்டு எழுதுகிற கையாலேயே திரும்ப வரைந்தேன். அதில் ஆறு விற்றது. ஆறுதான்.

அதனால் உங்கள் அரிசி ஆலைப் படத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். அக்ரஹாரத் தெருவின் நிழல் அதில் ஒளிந்திருக்கிறதா? இருந்தால் மறுபடி ஆலைக்குப் போய் ஒரு ஷிஃப்ட் முழுக்க உட்காருங்கள். சாக்கைப் பிரித்துச் சட்டத்தில் அறைந்து, அதன் மேலேயே வரைந்து பாருங்கள். கோபுரத்தை நிறுத்த வேண்டாம், விலையை 2,500 ஆக்குங்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். வருமானம் பெரிதாகக் குறையாது, பாதி நாள் மிச்சமாகும். அந்த நாளெல்லாம் ஆலைக்கு.

கேள்வி: ஏஐ நொடியில் படம் போட்டுத் தருகிறதே, இனி ஓவியர்கள் எதற்கு? – சேலம் வாசகர்

பதில்: ஃபிளெக்ஸ் வந்தபோதும் இதையே கேட்டார்கள். எங்கள் கடையில் ஏழு பேர் இருந்தோம், இரண்டே வருடத்தில் முதலாளி மட்டும் மிஞ்சினார். ஒருவர் டீக்கடை வைத்தார், ஒருவர் ஆட்டோ ஓட்டினார், நான் கான்வாஸுக்கு வந்தேன். அதனால் ‘கலை அழியாது’ என்று ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னதைச் சொன்னபடி போட்டுக் கொடுக்கும் வேலை குறையும். இப்போது கையால் எழுதிய போர்டுதான் வேண்டும் என்று காபிக் கடைக்காரர்கள் தேடி வருகிறார்கள், கேட்ட கூலியும் தருகிறார்கள். ஆனால் அது ஒரு ஆளுக்குத்தான் காணும், ஏழு பேருக்குக் காணாது.

கேள்வி: நண்பர் நாகர்கோவிலில் புதுக் கடை திறக்கிறார். உள்சுவரில் 12-க்கு 8 அடி ஓவியம் கேட்கிறார். “பெயிண்ட் வாங்கித் தருகிறேன், உனக்குப் பேர் கிடைக்கும்” என்கிறார். என் முதல் சுவர் இது. செய்யலாமா?

பதில்: சுவருக்காகச் செய்யலாம், பேருக்காக வேண்டாம். தொண்ணூற்றாறு சதுர அடி என்பது சும்மா இல்லை, தோள் கழன்றுவிடும். கூலியைச் சொல்லுங்கள், பாதியை முன்பணமாக வாங்குங்கள். அவர் முகம் சுருங்கினால், அது படம் முடிந்த பிறகு சுருங்குவதை விட நல்லது.

ஒரு சட்ட விவரம், பட்டுத் தெரிந்துகொண்டது. மலை ஊர் ஒன்றில் ஒரு விடுதிக்குச் சுவரில் வரைந்து கொடுத்தேன். அடுத்த வருடம் போனால் என் படம் மெனு கார்டில், சாவிக் கொத்தில், சோப்பு உறையில். சண்டை போட வக்கீலிடம் போனேன். அவர் 1957-ஆம் ஆண்டு காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 17-ஆம் பிரிவைப் படித்துக் காட்டினார். ஒருவர் கேட்டு, காசு கொடுத்து ஓவியம் வரையச் சொன்னால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை, அதன் முதல் காப்புரிமை கேட்டவருக்குத்தான். நான் எதுவும் எழுதி வாங்கவில்லை. வக்கீல் பீஸ் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆகவே தூரிகையைத் தொடும் முன் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். படம் இந்தச் சுவருக்கு மட்டும். காப்புரிமை ஓவியருக்கு. வேறு எதில் அச்சிட்டாலும் தனிக் கூலி. நண்பர்தானே என்று கூச்சப்படாதீர்கள். நட்பு நிலைக்க வேண்டும் என்றால் எழுதிக்கொள்வதுதான் நல்லது.

சுவரில் ஓதம் இருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் ஊர் மழைக்கு உப்புப் பூத்துவிட்டால் ஆறே மாதத்தில் படம் செதில் செதிலாக உதிரும். அந்தப் பேரும் உங்களுக்குத்தான் கிடைக்கும்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியை, வயது 61, புதுக்கோட்டை. மாதக் காலண்டரின் பின்பக்கம் காய்கறிகளைப் பென்சிலால் வரைகிறேன். பேத்தி மட்டும் பார்ப்பாள், “சூப்பர் பாட்டி” என்பாள். இந்த வயதில் இதையெல்லாம் தீவிரமாக எடுத்துக்கொள்வது அசட்டுத்தனமா?

பதில்: பத்திரிகை ஓவியர் கோபுலு சாருக்கு முதுமையில் பக்கவாதம் வந்து வலது கை ஒத்துழைக்காமல் போனது. எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர், இடது கையால் வரையப் பழகினார். உங்களுக்கு வலது கை இருக்கிறது, காயும் இருக்கிறது.

காலண்டர் தாள் மட்டும் வேண்டாம். வழவழ என்று இருக்கும், பென்சில் வழுக்கிக்கொண்டு ஓடும், கருமை ஏறாது. கார்ட்ரிட்ஜ் ஷீட் என்று கேட்டால் ஸ்டேஷனரி கடையில் கொடுப்பார்கள். 2பி, 6பி என்று இரண்டு பென்சில் போதும். முதலில் பாகற்காய், ஏனென்றால் அதன் முதுகில் இருக்கிற ஒவ்வொரு மேட்டுக்கும் தனி நிழல் உண்டு. ஷட்டர் மாதிரியே. பேத்தியிடம் நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், அவள் சூப்பர் என்றுதான் சொல்வாள். இது பிஞ்சா, முற்றலா என்று கேளுங்கள்.