வங்கித் தளம் பழைய பிரவுசரை ஏற்க மறுக்கிறதா?

கேள்வி: என்னிடம் விண்டோஸ் 7 போட்ட பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. பல வருடமாக இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில்தான் வங்கிக் கணக்கைப் பார்த்து வந்தேன். இப்போது பக்கமே திறப்பதில்லை. "அட்வான்ஸ்ட் செட்டிங்ஸில் டிஎல்எஸ்ஸை ஆன் செய்யவும்" என்று ஒரு செய்தி மட்டும் வருகிறது. ரிப்பேர் கடைக்காரரிடம் கேட்டால் புதிய கம்ப்யூட்டர் வாங்கச் சொல்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு வாங்க வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டரில் எதுவும் பழுதாகவில்லை. அதில் இருக்கும் பிரவுசர்தான் வங்கியின் சர்வரோடு பேச முடியாமல் நிற்கிறது.

முகவரியைத் தட்டி என்டர் அடித்ததும், திரையில் எதுவும் வருவதற்கு முன்பே பிரவுசரும் சர்வரும் ஒரு சிறு பேச்சை முடித்துவிடுகின்றன. ‘எனக்கு இன்னின்ன பூட்டு வகைகள் தெரியும்’ என்று பிரவுசர் ஒரு பட்டியலை நீட்டும். அதில் தனக்கும் தெரிந்த ஒன்றைச் சர்வர் எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நீங்கள் அனுப்பும் பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் அந்தப் பூட்டுக்குள்தான் போய்ச் சேரும். இருவருக்கும் பொதுவாக ஒன்றுமே இல்லையென்றால் இணைப்பு கிடையாது. உங்களுக்கு நடந்திருப்பது அதுதான்.

இந்தப் பேச்சுக்கான விதிமுறைக்குப் பெயர் டிஎல்எஸ். 1.0 பதிப்பு 1999-இல் வந்தது, 1.1 பதிப்பு 2006-இல், 1.2 பதிப்பு 2008-இல், 1.3 பதிப்பு 2018-இல். முதல் இரண்டும் இன்றைய தாக்குதல்களுக்குத் தாங்காது என்பதால் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா நான்கும் 2018 அக்டோபரிலேயே அவற்றைக் கைவிடப்போவதாகச் சேர்ந்து அறிவித்தன. 2021 மார்ச்சில், இணையத்தின் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பும் அவற்றை வழக்கொழிந்தவை என்று எழுதி வைத்துவிட்டது. ஆகவே உங்கள் வங்கி கதவைச் சாத்தியது உங்களைத் தொந்தரவு செய்ய அல்ல.

விண்டோஸ் 7 உடன் வந்த எக்ஸ்ப்ளோரர் 8-க்கு 1.2 தெரியும். ஆனால் அதை அணைத்தே கொடுத்திருப்பார்கள். டூல்ஸ், இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் என்று போய், பட்டியலின் அடிவரை இறங்கினால் செக்யூரிட்டி என்ற பகுதி வரும். அங்கே ‘யூஸ் டிஎல்எஸ் 1.2’ என்ற கட்டத்தில் டிக் போடலாம். போட்ட பிறகும் திறக்காமல் போக நிறைய வாய்ப்பு உண்டு. எக்ஸ்ப்ளோரருக்குச் சொந்தமாகப் பூட்டு எதுவும் இல்லை; விண்டோஸிடம் இருப்பதைத்தான் அது எடுத்துப் பயன்படுத்தும். விண்டோஸ் 7-இல் இருப்பது பழைய சரக்கு.

பயர்ஃபாக்ஸும் குரோமும் அப்படி இல்லை. பூட்டுச் சாமான்களைத் தங்களோடே கொண்டுவருகின்றன. அதனால் ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் பயர்ஃபாக்ஸ் 115-ஐ நிறுவினாலே உங்கள் வங்கிப் பக்கம் பெரும்பாலும் திறந்துவிடும். விண்டோஸ் 7 ஏற்கும் கடைசிப் பெரிய பதிப்பு அது, 2023-இல் வந்தது. குரோமில் 109 கடைசி. டவுன்லோட் பக்கமே எக்ஸ்ப்ளோரரில் திறக்கவில்லை என்றால், வேறொரு கம்ப்யூட்டரில் மொசில்லாவின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவாருங்கள். தேடினால் கிடைக்கிற ஏதோ ஒரு டவுன்லோட் தளத்திலிருந்து மட்டும் எடுக்காதீர்கள்.

இதைத் தற்காலிக ஏற்பாடாக மட்டுமே சொல்கிறேன். பக்கம் திறந்துவிட்டது என்பதால் எல்லாம் பாதுகாப்பாகிவிடாது. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு பொது ஆதரவை, அதாவது பாதுகாப்பு அப்டேட் தருவதை, நிறுத்திவிட்டது. பூட்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், நீங்கள் தட்டும் எழுத்துகளைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே உட்கார்ந்து படிக்கிற வைரஸை அது தடுக்காது. பணம் புழங்கும் கம்ப்யூட்டர் என்பதால் இந்த இடத்தில் நான் கறாராகவே இருப்பேன். 64 பிட் செயலியும் 4 ஜிபி ரேமும் இருந்தால், தெரிந்தவர் யாரையாவது வைத்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். அது இலவசம். புதிய பயர்ஃபாக்ஸ் அதில் ஓடும், அப்டேட்டும் தொடர்ந்து வரும். அதே கம்ப்யூட்டரை இன்னும் சில வருடம் நிம்மதியாகப் பயன்படுத்தலாம்.

கேள்வி: ஒரு வீடியோவில், அதே பட்டியலில் இருக்கும் எல்லாக் கட்டங்களிலும் டிக் போட்டுவிட்டால் எந்தத் தளமும் திறக்கும் என்றார்கள். எஸ்எஸ்எல் 3.0-உம் அதில் இருக்கிறது. போட்டு வைத்தால் என்ன?

பதில்: போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

எஸ்எஸ்எல் 3.0 என்பது டிஎல்எஸ்ஸுக்கும் முந்தையது, 1996-இல் வந்தது. 2014 அக்டோபரில் கூகுள் ஆய்வாளர்கள் அதில் ஒரு ஓட்டையைக் காட்டினார்கள். பூடில் என்று அதற்குப் பெயர். உங்களுக்கும் தளத்துக்கும் நடுவில் புகுந்த ஒருவன் நல்ல இணைப்பை வேண்டுமென்றே முறித்துக்கொண்டே இருப்பான். ‘பெரிய பூட்டு ஒத்துவரவில்லை போல’ என்று நினைத்துப் பிரவுசர் படிப்படியாகக் கீழே இறங்கி எஸ்எஸ்எல் 3.0-க்கு வந்துவிடும். அதன் பிறகு, உங்களை உள்ளே விட்டதற்கு அடையாளமாக இருக்கும் குக்கீயை அவன் ஒவ்வொரு எழுத்தாகக் கண்டுபிடிப்பான். ஒரு எழுத்துக்குச் சராசரியாக 256 முயற்சி போதும். குக்கீ கைக்குக் கிடைத்துவிட்டால் பாஸ்வேர்டே தெரியாமல் உங்கள் பெயரில் உள்ளே உட்காரலாம்.

கவனித்தீர்களா? பெரிய பூட்டு இருந்தும் அவன் சின்னப் பூட்டைத்தான் தேடினான். பழையதை ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று திறந்து வைப்பதில் உள்ள ஆபத்து இதுதான். எஸ்எஸ்எல் 3.0, டிஎல்எஸ் 1.0, 1.1 ஆகியவற்றில் டிக் இருக்கக் கூடாது.

இன்றைய குரோம், பயர்ஃபாக்ஸில் இந்தத் தலைவலியே இல்லை. பழைய பதிப்புகளை அவை தாமாகவே மறுத்துவிடும். நீங்கள் தொட வேண்டிய செட்டிங்ஸ் எதுவும் கிடையாது. ஹெல்ப் பகுதியில் ‘அபவுட்’ என்பதை அழுத்தினால், அப்டேட் இருந்தால் அங்கேயே இறங்கும். பிறகு பிரவுசரை மூடித் திறக்க மறக்காதீர்கள். அப்டேட் இறங்கியும் பிரவுசரை வாரக்கணக்கில் மூடாமல் பழைய பதிப்பிலேயே ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: பிரவுசர் புதியதுதான். ஆனாலும் தினமும் காலையில் வங்கித் தளம், மெயில் எல்லாமே "இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்கிறது. ஏன்?

பதில்: திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய கம்ப்யூட்டர் என்றால் பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும்.

‘இந்த முகவரி என்னுடையதுதான்’ என்று காட்ட ஒவ்வொரு தளமும் பிரவுசரிடம் ஒரு டிஜிட்டல் சான்றிதழை நீட்டும். அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கம்ப்யூட்டரின் கடிகாரம் பல வருடம் பின்னால் இருந்தால், அந்தச் சான்றிதழ் ‘இன்னும் பிறக்கவே இல்லை’ என்று பிரவுசர் முடிவு செய்துவிடும். என் பெரியப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில் இதே தொல்லை. நானும் இரண்டு முறை பிரவுசரை அழித்து மறுபடி போட்டேன், பலன் இல்லை. அப்புறம்தான் தேதி கண்ணில் பட்டது: 2009 ஜனவரி 1. பெட்டியைத் திறந்தால் மதர்போர்டில் பொத்தான் மாதிரி ஒரு வட்ட பேட்டரி, சிஆர் 2032 என்று பொறித்திருந்தது. கரன்ட்டை நிறுத்தியதும் கடிகாரத்தைத் தாங்க அதில் உயிர் இல்லை. அதை மாற்றித் தேதியைச் சரி செய்ததும் எல்லாத் தளமும் திறந்தன.

தேதி சரியாக இருந்தும் ஒரே ஒரு தளத்துக்கு மட்டும் எச்சரிக்கை வந்தால் அது வேறு விஷயம். அப்போது ‘பரவாயில்லை, தொடர்க’ என்பதை அழுத்தவே கூடாது. வங்கித் தளம் என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு வங்கிக்குப் போன் போடுங்கள்.

கேள்வி: "உங்கள் பிரவுசரின் குறியாக்கம் காலாவதியாகிவிட்டது, 24 மணி நேரத்துக்குள் இங்கே அழுத்திப் புதுப்பிக்கவும்" என்று வங்கி பெயரில் மெயில் வந்தது. அழுத்திப் பார்த்தேன், பூட்டுச் சின்னமும் இருந்தது. நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். அங்கே பாஸ்வேர்டு எதையாவது தட்டியிருந்தால் இதைப் படித்து முடிக்கும் வரைகூடக் காத்திருக்காதீர்கள். கார்டின் பின்பக்கம் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள், வேறு கருவியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள். அங்கிருந்து ஏதாவது ஃபைலை இறக்கியிருந்தால் அந்தக் கம்ப்யூட்டரில் வங்கி வேலையே வேண்டாம்.

பிரவுசரின் குறியாக்கத்தை, அதாவது மேலே சொன்ன பூட்டுகளை, வங்கி புதுப்பித்துத் தர முடியாது. அது பிரவுசருக்குள்ளேயே வருவது. ‘உங்கள் பிரவுசர் பழையது’ என்று வங்கி சொல்லலாம். மெயிலில் லிங்க் கொடுத்து நிறுவச் சொல்வது மோசடிக்காரர்களின் வழி.

பூட்டுச் சின்னத்தைப் பற்றி: வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். மறுமுனையில் இருப்பவர் யார் என்று அது சொல்லாது. திருடனும் தன் தளத்துக்கு இலவசமாகச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சின்னம் தவறான நம்பிக்கையைத் தருகிறது என்றுதான் குரோம் 2023-இல் முகவரிப் பட்டையிலிருந்து அதை எடுத்துவிட்டது. வங்கியின் முகவரியை நீங்களே ஒருமுறை சரியாகத் தட்டி புக்மார்க் செய்துவிடுங்கள். பிறகு எப்போதும் அந்த வழியாகவே போங்கள்.

கேள்வி: வங்கி வேலைக்கு மட்டும் ஒரு பழைய லேப்டாப் வாங்கலாம் என்று நினைக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: ஹார்டு டிஸ்க் அளவையும் திரையையும் பிறகு பார்க்கலாம். முதலில் இன்னும் எத்தனை வருடம் அதற்குப் பாதுகாப்பு அப்டேட் வரும் என்று கேளுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அதனால் மலிவாகக் கிடைக்கும் பல லேப்டாப்கள் விண்டோஸ் 11-க்கு மாற முடியாமல் ஒதுக்கப்பட்டவையாக இருக்கலாம். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் தேவை. அது இருக்கிறதா என்று பார்க்க, விற்பவர் முன்னாலேயே ஆன் செய்து, விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் டிபிஎம் டாட் எம்எஸ்சி (tpm.msc) என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஸ்பெசிஃபிகேஷன் வெர்ஷன் 2.0 என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கக்கூடிய அடிப்படை செட்டிங்ஸில்) அணைத்து வைத்திருக்கிறார்களா என்று விற்பவரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அங்கேயும் இல்லையென்றால், லினக்ஸ் போட்டு ஓட்டத் தயாராக இருந்தால் மட்டும் அதை வாங்குங்கள்.