கண்ணை மூடிட்டு உக்காந்திருக்கிற எலி வேண்டாம்மா

கேள்வி: வணக்கம் அக்கா. நாலாவது படிக்கிற என் பொண்ணு ரெண்டு மாசமா வெள்ளை எலி வேணும்னு கேட்டுட்டே இருக்கா. வாடகை வீடு, நாய் பூனைக்கு ஓனர் சம்மதிக்க மாட்டாங்க, அதனால சரின்னுட்டேன். போன ஞாயித்துக்கிழமை கடைக்குப் போனோம், ஒரே கூண்டுல முப்பது நாப்பது எலி. கடைக்காரர் ஒண்ணை எடுத்து அவ உள்ளங்கையில வெச்சார், ஓடவே இல்ல, பாதி கண்ணை மூடிட்டு உருண்டையா உக்காந்துருச்சு. "சாதுவான எலிம்மா, கடிக்காது"ன்னார். பொண்ணு அதுதான் வேணும்னு அடம் பிடிக்கிறா. வாங்கலாமா? – ஒரு அம்மா, திருச்சி

பதில்: வாங்காதீங்கம்மா. பாப்பாகிட்ட பக்குவமா சொல்லுங்க, அது சாதுவா இல்ல, அதுக்கு உடம்பு முடியல. நல்ல எலின்னா புது ஆள் கைக்கு வந்ததும் மூக்கை விறுவிறுன்னு ஆட்டும், மீசை துடிக்கும், விரல் இடுக்குல புகுந்து ஓடப் பார்க்கும். பயத்துல அசையாம நிக்கிறதும் உண்டுதான், ஆனா அப்போ கண்ணு நல்லா விரிஞ்சிருக்கும். முடி சிலிர்த்து, முதுகு கூனி, கண்ணு சொருகி இருந்தா அது நோவு.

நானும் இப்படி ஒண்ணை வாங்கிட்டு வந்தவதான். நாலாம் நாள் ராத்திரி கூண்டுப் பக்கமிருந்து டிக் டிக்னு சத்தம், கடிகாரம்னு நெனச்சேன், கிட்டப் போய்ப் பார்த்தா அதோட மூச்சு, ஒவ்வொரு மூச்சுக்கும் விலாப்பக்கம் உள்ள போய் உள்ள போய் வருது, விடியறதுக்குள்ள போயிருச்சு. இன்னிக்கும் அந்தச் சத்தம் எனக்கு மறக்கல. மைக்கோபிளாஸ்மான்னு ஒரு கிருமி எலிங்க நுரையீரல்ல இப்படிப் பண்ணும், ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குப் பரவும். அதனால எலியை எடுத்ததும் காதுகிட்ட வெச்சுக் கேளுங்க. எந்தச் சத்தமும் வரக்கூடாது. அந்தக் கூண்டுல இன்னும் ரெண்டு மூணு தும்மிட்டோ சுருண்டோ கெடந்தா மத்தது எவ்ளோ அழகா இருந்தாலும் வேற கடை பாருங்க.

சாயங்காலம் இருட்டுற நேரத்துல போங்க, பகல்ல தூங்குற ஜீவன், மத்தியானம் போய்ப் பார்த்தா எது சோர்வு எது தூக்கம்னு தெரியாது. வெள்ளை எலிக்கு கண்ணு செவப்பா இருக்கிறது பிறவி நிறம், அது சீக்கு இல்ல, ஆனா கண்ணோரத்துல பிசுக்கோ நீரோ இருக்கக்கூடாது. பின்பக்கம் ஈரமில்லாம சுத்தமா இருக்கணும். கழுத்துலயும் தோள்லயும் முடியை விலக்கிப் பாருங்க, பொருக்கு இருந்தா உண்ணி மாதிரி பூச்சி இருக்கும். மீசை மட்டும் கத்தரிச்ச மாதிரி இருந்தா பயப்படாதீங்க, கூட இருக்கிற எலி கடிச்சிருக்கும். வாலைப் புடிச்சுத் தொங்கவிட்டுக் காட்டினா வேண்டாம்னு சொல்லிட்டு ரெண்டு கையையும் கிண்ணம் மாதிரி குவிச்சு ஏந்துங்க.

தனியா ஒண்ணு வாங்காதீங்க, ரெண்டு பொண்ணு எலியா வாங்குங்க. ஆண் ரெண்டு இருந்தா ரத்தம் வர்ற அளவுக்குச் சண்டை போடும், மூத்திர வாடையும் தாங்காது. இன்னொண்ணு, ஆணும் பொண்ணும் கலந்து கெடந்த கூண்டுலேர்ந்து வாங்கினா அது ஏற்கெனவே சினையா இருக்கலாம், ஆறு வாரத்துலேயே பருவத்துக்கு வந்துரும், சினைக்காலம் மூணே வாரம், ஒரு ஈத்துக்கு எட்டு பத்து குட்டி. அப்புறம் ஓனர் சம்மதிச்சதும் வீணாப் போயிரும்.

உங்க ஊர் வெயில்தான் எனக்குக் கவலை. எலிக்கு நம்மள மாதிரி வேர்வை சிந்தி உடம்பைக் குளிர வெச்சுக்கத் தெரியாது, 30 டிகிரிக்கு மேல போனாலே தவிக்கும், மொட்டை மாடிக்குக் கீழ இருக்கிற ரூம்ல வைக்கவே வைக்காதீங்க. சின்ன மண்சட்டி ஒண்ணைக் கூண்டுக்குள்ள கவுத்து வாசல் உடைச்சு வெச்சா அதுக்குள்ள போய்ப் படுத்துக்கும். மரக்கடைத் தூள் போடாதீங்க, பைன் மாதிரி வாசனை மரத்தூளா இருந்தா நுரையீரலைக் கெடுக்கும், வெள்ளைப் பேப்பரைக் கிழிச்சுப் போட்டாலே போதும். வீட்டுல யாராவது மாசமா இருந்தா இப்போதைக்குத் தள்ளிப் போடுங்க, எலிகிட்டேர்ந்து வர்ற ஒரு வைரஸ் வயித்துப் புள்ளையைப் பாதிக்கும்.

ஒன்றரை, ரெண்டு வருஷம்தான் இருக்கும்ங்கிறதை பாப்பாகிட்ட இப்பவே சொல்லிருங்க. கொண்டு வந்த முதல் நாள் தூக்க விடாதீங்க. மறுநாள் சாயங்காலம் உள்ளங்கையில நாலு கம்பு வெச்சுக் கூண்டுக்குள்ள கையை நீட்டிட்டு அசையாம இருக்கச் சொல்லுங்க, அதுவா மோந்துட்டு வந்து ஏறட்டும்.