வாசகர் கேள்வி – பதில்: நிரல் களஞ்சியங்களுக்குப் பெயரிடுவது எப்படி?

கேள்வி: எங்கள் திறமூலத் திட்டத்தில் மூலநிரலைச் சேமித்துவைக்கும் களஞ்சியங்கள் பெருகிவிட்டன. முதிர்ந்தவற்றை, களஞ்சியப் பெயருக்கு முன்னால் முகவரியில் வரும் ஒரு முன்னொட்டின் கீழும், சோதனை நிலையில் உள்ளவற்றை இன்னொன்றின் கீழும் வைத்து, முகவரியைப் பார்த்ததுமே நிலை தெரியும்படி செய்யலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. 2010-இல் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் நாசாவும் தொடங்கிய, மேகக் கணிமைக்கான மென்பொருள்களை உருவாக்கும் ஓப்பன்ஸ்டாக் திட்டம் ஏறத்தாழ இதைத்தான் செய்து பார்த்தது. அதிகாரபூர்வமானவை 'ஓப்பன்ஸ்டாக்' என்ற முன்னொட்டின் கீழும், திட்டத்தின் கருவிகளை மட்டும் பயன்படுத்திக்கொண்டவை 'ஸ்டாக்ஃபோர்ஜ்' என்பதன் கீழும் இருந்தன. ஒரு மென்பொருள் அதிகாரபூர்வ நிலைக்கு உயரும்போதெல்லாம் அதன் களஞ்சியத்துக்குப் பெயர் மாற்ற வேண்டியிருந்தது. அதற்காகக் கெரிட் என்னும் மறுபார்வைச் சேவையகத்தையே சிறிது நேரம் நிறுத்தியதால், அந்த மென்பொருளோடு தொடர்பே இல்லாதவர்களும் காத்திருக்க நேர்ந்தது. 2015-இல் பிரிவினையைக் கைவிட்டு அனைத்தையும் ஒரே முன்னொட்டின் கீழ் கொண்டுவந்தார்கள். அப்போது எது அதிகாரபூர்வமானது என்பது முகவரியிலிருந்து விளங்காமல் போயிற்று. 2019 ஏப்ரலில் களஞ்சியங்களை ஓப்பன்டெவ் என்ற தளத்துக்கு மாற்றியபோது, தமக்கென வேறு பெயர் கேட்காத அதிகாரபூர்வமற்ற களஞ்சியங்களை 'எக்ஸ்' என்ற ஓரெழுத்து முன்னொட்டுக்கு அனுப்பினார்கள். எதையும் உணர்த்தாத எழுத்து என்பதாலேயே அது நல்ல தேர்வு. பல கணினிகளில் செயலிகளை இயக்கி நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் என்ற திறமூல மென்பொருளிலும், புதிய முயற்சிகளுக்கான 'இன்குபேட்டர்' என்ற பிரிவு கைவிடப்பட்டு, பராமரிக்கும் குழு எது என்பதை அடிப்படையாகக் கொண்ட 'சிக்ஸ்' பிரிவு வந்தது.

நிலை மாறக்கூடியது, அதைத் தனியொரு கோப்பில் எழுதிவைத்தால் ஒரு வரியைத் திருத்துவதோடு வேலை முடியும். பெயர் அப்படியல்ல. பங்களிப்பாளர் ஒவ்வொருவரின் கணினியிலுள்ள, நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் 'கிட்' கருவியின் அமைப்பிலும், தானியங்கிச் சோதனைகளிலும், பழைய ஆவணங்களிலும் அது பதிந்துவிடுகிறது. களஞ்சியங்களை இணையத்தில் வைக்க உதவும் கிட்ஹப் தளம் பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும் என்றாலும், பழைய பெயரில் வேறொரு களஞ்சியத்தை அங்கேயே உருவாக்கினால் அந்த வசதி போய்விடும்.

கவர்ச்சியான பெயர்களிலும் எச்சரிக்கை தேவை. ஓப்பன்ஸ்டாக்கின் வலையமைப்புப் பகுதிக்கு வைத்த 'குவாண்டம்' என்ற பெயரை, வணிகச் சின்னச் சிக்கலால் 2013-இல் 'நியூட்ரான்' என்று மாற்ற வேண்டியதாயிற்று. துணைக் களஞ்சியங்களுக்கு மூலப்பெயரை முதலில் வைத்து, ஓப்பன்ஸ்டாக்கின் இன்னொரு பகுதியான நோவாவில் உள்ளதுபோல 'நோவா', 'நோவா-ஸ்பெக்ஸ்' என்று தொடர்வதே நல்லது. நோவாவை அணுகப் பயன்படும் பைத்தான் மொழி நூலகத்துக்கு வைத்த 'பைத்தான்-நோவாகிளையண்ட்' என்ற பெயர் பொருளில் சரியானதுதான். ஆனால் அகரவரிசையில் அது தன் குடும்பத்தைவிட்டு விலகி நிற்கிறது.

கேள்வி: அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே களஞ்சியத்தில் சேர்த்துவிட்டால் என்ன?

பதில்: ஒன்றை மாற்றினால் மற்றொன்றையும் உடனே மாற்றியாக வேண்டும் என்ற உறவு இருந்தால் சேர்த்துவிடலாம். நிரல்களைக் கணினிக்கேற்ற வடிவுக்கு மாற்றும் தொகுப்பிக் கருவிகளான எல்எல்விஎம், கிளாங் முதலியன 2019 அக்டோபரில் கிட்ஹப்பில் ஒரே களஞ்சியமாக நிலைபெற்றன. பிறர் தனியாக எடுத்துப் பயன்படுத்தும் நூலகங்களும் இருந்தால், குபர்நெட்டீஸின் வழி பொருந்தும். அதன் 'கிளையண்ட்-கோ' போன்ற நூலகங்கள் முதன்மைக் களஞ்சியத்தின் 'ஸ்டேஜிங்' அடைவில்தான் எழுதப்படுகின்றன. அங்கிருந்து ஒரு தானியங்கி நிரல் அவற்றைத் தனித்தனிக் களஞ்சியங்களில் வெளியிடுகிறது. திருத்தங்களை அந்தத் தனிக் களஞ்சியங்களுக்கு அனுப்பினால் ஏற்கமாட்டார்கள். அதை அவற்றின் முகப்பிலேயே எழுதிவைக்க வேண்டும். இல்லையென்றால் புதிதாக வருபவரின் உழைப்பு வீணாகும்.